இறங்க வேண்டாம், மேலே சுற்றினால் போதும்: நீலகிரி மலை மாவட்டத்தின் பேரிடர்த் தொடர்புக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

பருவமழை முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் நான் எழுதிக் கொடுத்த யோசனையை நீங்கள் ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். மண் சரிந்து பள்ளத்தாக்கில் மாட்டியவர்களின் வயர்லெஸ் பேச்சை, மேலே வட்டமடிக்கும் ஒரு விமானம் வாங்கிக் கண்ட்ரோல் ரூமுக்குக் கடத்தட்டும், அதாவது ரிலே செய்யட்டும் என்பதுதான் அந்த யோசனை. விமானத்தை வைத்து வயர்லெஸ் செய்தியைக் கடத்துவது ராணுவத்துக்குத்தான் பொருந்தும், அதோடு மழைக்காலத்தில் இந்த மலையில் ஹெலிகாப்டர் பறக்க முடியாது என்பது கூட்டக் குறிப்பில் உள்ள காரணம். மாற்று ஏற்பாடாகப் புது வாக்கி டாக்கிகள் வாங்குவதென்றும், ஊர்வாரியாக வாட்ஸ்அப் குழுக்களைப் புதுப்பிப்பதென்றும் முடிவு செய்திருக்கிறீர்கள். ராணுவத்தின் சிக்னல்ஸ் என்ற தகவல் தொடர்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மஞ்சூர்ப் பக்கம் குடியிருப்பவன் நான். அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. இன்னொரு மனு எழுதி அதுவும் ஒரு கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்வதைவிட, எல்லோரும் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் ஹெலிகாப்டர் விஷயம். நான் ஹெலிகாப்டர் கேட்கவே இல்லை.

2021 டிசம்பர் 8 அன்று காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்த எம்ஐ-17 ஹெலிகாப்டரை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. முப்படைகளின் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேரை இழந்தோம். வானிலை எதிர்பாராமல் மாறியது, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது, விமானிக்குத் திசையுணர்வு தடுமாறித் தரையில் மோதியது என்று விமானப்படை பிறகு சொன்னது. கூட்டத்தில் உங்களில் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டினார். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அது சூலூரிலிருந்து கிளம்பி வெலிங்டனில் இறங்க வேண்டிய ஹெலிகாப்டர். இறங்க வேண்டியிருந்ததால்தான் மலையை ஒட்டித் தாழ்வாக வர நேர்ந்தது. ரிலே விமானத்துக்கு இங்கே இறங்கும் வேலை இல்லை. யாரையும் ஏற்ற வேண்டாம், எதையும் போட வேண்டாம், தரையைப் பார்க்கக்கூட வேண்டாம். தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல், கடல் மட்டத்திலிருந்து 6,000 மீட்டர் உயரத்தில் ஒரு விமானம் கருவிகளைப் பார்த்து வட்டமடித்துக்கொண்டிருந்தால் போதும். கீழே பனிமூட்டம் எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் வயர்லெஸ்ஸுக்குக் கவலையில்லை. நீங்கள் வாங்கப் போகும் வாக்கி டாக்கி விஎச்எஃப் என்ற அலைவரிசையில் பேசும் செட், அதன் அலைநீளம் சுமார் 2 மீட்டர். பனித்துளியும் மழைத்துளியும் அதை ஒன்றும் செய்யாது. அதைத் தடுப்பது மலை மட்டும்தான்.

மலை எப்படித் தடுக்கிறது என்று குந்தா பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்காகச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதம், மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் காரமடை இறங்கும் சாலையில் சாயங்காலமே மண் சரிந்தது. 43 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலை அது. ஒரு மினி பஸ் அந்தச் சரிவுக்கு முன்பே கடந்து கீழே போய்விட்டது என்று கண்ட்ரோல் ரூமில் எழுதிக்கொண்டார்கள். உண்மையில் அது போகவில்லை. கொஞ்சம் கீழே இன்னொரு இடத்திலும் மண் வந்து விழுந்திருந்தது. இரண்டு சரிவுகளுக்கும் நடுவில் பஸ் மாட்டிக்கொண்டது. கரண்ட் போய் டவர் பேட்டரியும் தீர்ந்திருந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோக வேண்டிய வண்டியும் அதே சாலையில்தான் வரவேண்டும். ஃபைபர் கேபிள் புதைத்திருப்பதும் அதே சாலையோரம்தான். சாலை போனால் போனும் போகும் என்பது இங்கே வழக்கமாகிவிட்டது.

பஸ்ஸில் மீட்புத் தன்னார்வலர் ஒருவர் இருந்தார், தம்பி வயசுக்காரர். அவர் கையில் நீங்கள் கொடுத்த வாக்கி டாக்கி இருந்தது. பேட்டரி முழுசாக இருந்தது. ராத்திரி முழுக்க கண்ட்ரோலைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மஞ்சூரில் ஊர்க் கூடத்தில் இருந்த செட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் கேட்கவில்லை, ஊட்டிக்கும் கேட்கவில்லை. செட் பழுதில்லை, பேசியவர் மேலும் தப்பில்லை. நடுவில் மலை. பஸ் கீழே போய்விட்டதென்று நினைத்து, சரிவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்த ஜேசிபியை வேறு பக்கம் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் ஆஸ்துமா உள்ள ஓர் அம்மா இருந்தார். விடிந்த பிறகு அந்தத் தம்பி சரிவின் ஓரமாகத் தேயிலைக் காட்டில் ஏறி, எதிர்மலை தெரியும் இடம் வந்து பேசியபோதுதான் முதல் வார்த்தை எங்களுக்குக் கேட்டது. அந்த அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். முன்பே தகவல் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன், அதைச் சொல்லும் தகுதி மருத்துவருக்குத்தான் உண்டு. ஜேசிபி திரும்பிப் போயிருக்காது என்று மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு நடந்த ஆய்வில் எழுதப்பட்ட தீர்வு என்ன தெரியுமா? இன்னும் அதிக வாக்கி டாக்கிகள். கேட்காத இடத்தில் பத்துப் பேர் கையில் செட் கொடுத்தால் பத்துப் பேர் பேசுவதும் கேட்காது, அவ்வளவுதான்.

தொட்டபெட்டா உச்சியில் பேச்சை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் கருவியை எவ்வளவு பெரிதாக வைத்தாலும் கெத்தைப் பள்ளத்தாக்கின் அடியில் நிற்பவருக்கு அது தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஆன்டெனா விஎச்எஃப் செட்டுக்கும் பெரும்பாலும் தெரியாது. கிண்ணக்கொரையில் ஒரு பக்கம், சோலூர்மட்டத்துக்குக் கீழே ஒரு பக்கம், கூடலூருக்கு அப்பால் தேவாலா, சேரம்பாடிப் பக்கம் என்று ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு நிழல், அதாவது அலை எட்டாத இடம் உண்டு. நிழல் விழும் இடத்திலெல்லாம் ஒரு டவர் கட்டலாமே என்றால், அந்த டவரும் சரிகிற மலையில்தான் நிற்க வேண்டும், அதற்கும் கரண்ட் வேண்டும்.

இதற்கு ராணுவம் கண்ட வழி மிகவும் பழையது. ஆன்டெனாவை மலைமேல் வைக்க முடியாவிட்டால் மலைக்கு மேலே வை. வியட்நாம் போரில் அமெரிக்கர்கள் கேசி-135 எரிபொருள் விமானங்களிலேயே ரிலே கருவிகளைப் பொருத்திப் பறக்கவிட்டார்கள். வடக்கே தாழப் பறந்த போர் விமானங்களின் பேச்சு தூரத்துத் தலைமையகத்துக்கு அதன் வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது. லாவோஸ் காடுகளில் போட்ட உணர்கருவிகளின் சமிக்ஞையை வாங்கித் தாய்லாந்தில் இருந்த மையத்துக்கு அனுப்ப ஈசி-121ஆர் என்ற நான்கு எஞ்சின் விமானங்கள் மணிக்கணக்கில் வட்டமடித்தன. அப்புறம் அதே வேலைக்கு க்யூயு-22பி வந்தது. அது என்ன பெரிய விமானமா? பீச்கிராஃப்ட் பொனான்சா என்ற ஒற்றை எஞ்சின் குடும்ப விமானத்தை மாற்றியமைத்தது. சின்ன விமானமே இந்த வேலைக்குப் போதும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஆப்கானிஸ்தான் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அங்கேயும் பிரச்சினை மலைதான். 2005 ஜூன் 28 அன்று குனார் மாகாணத்தில் மலைச்சரிவில் சிக்கிய நான்கு பேர் கொண்ட அமெரிக்க உளவுக் குழுவுக்கு வயர்லெஸ் தொடர்பு கிடைக்கவில்லை. குழுத் தலைவர் லெப்டினன்ட் மைக்கேல் மர்ஃபி, சிக்னல் கிடைப்பதற்காக மறைவை விட்டு வெட்டவெளிக்கு வந்து செயற்கைக்கோள் போனில் உதவி கேட்டார். அப்போது குண்டடிபட்டார், அந்தச் சண்டையிலேயே இறந்தார். எங்கள் தம்பி தேயிலைக் காட்டில் ஏறியதற்கும் இதற்கும் குண்டு மட்டும்தான் வித்தியாசம். இப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பிறகுதான் பேக்கன் என்ற வான்வழித் தொடர்பு அமைப்பை அவசரத் தேவையாக உருவாக்கி, தொழிலதிபர்கள் பறக்கும் குளோபல் எக்ஸ்பிரஸ் ஜெட்டில் ஏற்றி இ-11ஏ என்று பெயரிட்டுப் பறக்கவிட்டார்கள். பள்ளத்தாக்கில் நிற்கும் சிப்பாயின் செட்டையும், மேலே போகும் வெவ்வேறு விமானங்களின் செட்டுகளையும் அது ஒன்றோடொன்று பேச வைத்தது. இப்போது உக்ரைனில் தாழப் பறக்கும் டிரோனின் சிக்னல் மேட்டுக்குப் பின்னால் அறுந்துபோகாமல் இருக்க, உயரே இன்னொரு டிரோனை ரிலேயாக நிறுத்துகிறார்கள்.

நான் பணியில் இருந்தபோது இவ்வளவு வசதி கிடையாது. காஷ்மீர் மலையில் ரோந்துக் குழுவோடு தொடர்பு அறுந்தால், ரிலே போஸ்ட் ஆட்கள் செட்டைச் சுமந்துகொண்டு முகடு ஏற வேண்டும். ஏறும்வரை 'நத்திங் ஹெர்ட்' என்று மட்டும் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருப்போம். வேறு வேலையாக மேலே ஒரு சீட்டா ஹெலிகாப்டர் வந்தால் அதன் விமானியைப் பிடித்துக்கொள்வோம். கீழே இருப்பவர் சொல்வதை அவர் கேட்டு, தன் வாயால் எங்களுக்குச் சொல்வார். ரிலேயின் ஆரம்ப வடிவம் அதுதான். கருவிகூடத் தேவையில்லை, உயரத்தில் ஒரு காதும் ஒரு வாயும் இருந்தால் போதும்.

ராணுவத்துக்குத்தான் இது பொருந்தும் என்கிறீர்கள். எதிரி ஒட்டுக்கேட்பான், அலைவரிசையை அடைப்பான், சுடுவான் என்பதெல்லாம் ராணுவத்தின் தலைவலி. ராணுவ ரிலேவுக்கு அதற்கென்றே தனிச் செலவு உண்டு. நமக்கு அந்தத் தலைவலி எதுவும் இல்லை. மண்சரிவு ஒட்டுக்கேட்காது. இரண்டு செட்டையும் ஒரு ஃபில்டரையும் சேர்த்து, ஒரு அலைவரிசையில் வாங்கி மறு அலைவரிசையில் விடுகிற சாதாரண ரிப்பீட்டர் நமக்குப் போதும். கையில் பிடிக்கும் 5 வாட் செட்டின் பேச்சு அவ்வளவு உயரம் எட்டுமா என்று ஒரு அதிகாரி கேட்டார், நல்ல கேள்வி. இஸ்ரோ 2005 மே 5 அன்று ஹாம்சாட் என்ற 42.5 கிலோ செயற்கைக்கோளை ஹாம் வானொலிக்காரர்களுக்கென்றே, அதாவது உரிமம் வாங்கி ஆர்வத்துக்காக வயர்லெஸ்ஸில் பேசுகிறவர்களுக்கென்றே அனுப்பியது. சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஹாம் ரிப்பீட்டரைக் கைச்செட்டால் பிடித்துப் பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. விமானம் அதில் நாற்பதில் ஒரு பங்கு தூரத்தில்கூட இருக்காது.

சரி, இதில் குறையே இல்லையா? இருக்கிறது. கூட்டத்தில் அவகாசம் கொடுத்திருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

விமானம் கோயம்புத்தூர் மேல் சுற்றினால் நமக்குப் பயனில்லை. பள்ளத்தாக்கில் நிற்பவருக்கு இருபுறமும் மலை வானத்தை மறைக்கிறது. தரையிலிருந்து 30 டிகிரி வரை மலை மறைத்தால், 1,500 மீட்டர் உயரப் பள்ளத்தில் நிற்கும் நம் தலைக்கு மேல் 4,500 மீட்டரில் பறக்கும் விமானம் சுமார் 8 கி.மீ. சுற்றுக்குள் இருந்தால்தான் தெரியும். ஆகவே எந்தப் பள்ளத்துக்கு எந்த இடத்தில் வட்டமடிக்க வேண்டும் என்று முன்பே குறித்து வைத்திருக்க வேண்டும். இடிமேகம் திரண்டிருக்கும் நேரத்தில் எந்த விமானியும் அங்கே சுற்றமாட்டார், சுற்றவும் கூடாது. ஆனால் எங்கள் மழை இரவும் பகலும் ஒரே மாதிரி இடி இடிக்கும் மழை அல்ல. பெரும்பாலான நேரம் சாரலும் மூட்டமும்தான், நடுவில் மணிக்கணக்கில் இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியில் ஒரு மணி நேரம் தொடர்பு கிடைத்தாலே எந்த ஊரில் யார் மாட்டியிருக்கிறார்கள் என்ற கணக்கு கைக்கு வந்துவிடும்.

பெரிய சிக்கல் இன்னொன்று. 6,000 மீட்டர் உயரத்து ஆன்டெனாவுக்குச் சுமார் 320 கி.மீ. வரை நேர்ப்பார்வை உண்டு. கேரளமும் தென் கர்நாடகமும் அதில் அடங்கும். நாம் பேசும் அலைவரிசையில் அங்கே வேறு யாராவது பேசினால் இரண்டும் மோதும். அதனால் மத்திய அரசின் அலைவரிசை ஒதுக்கீட்டுப் பிரிவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, பக்கத்து மாநிலங்களோடும் பேசி வைத்திருக்க வேண்டும். அதோடு, எல்லாப் பள்ளத்தாக்கும் ஒரே ரிப்பீட்டரில் வரும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினால் ஒன்றும் புரியாது. யார் முதலில், எத்தனை வார்த்தையில், எப்போது வாய்மூட வேண்டும் என்ற ஒழுங்கு பழக்கத்தால்தான் வரும். மண் சரிந்த அன்று காலையில் இவற்றில் எதையும் செய்ய முடியாது. அன்றைக்கு விமானமே வந்து மேலே நின்றாலும் கீழே இருக்கும் நம் செட்டுகளுக்கு அதோடு பேசத் தெரியாது. உங்கள் ஒரு வரி முடிவின் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். நான் இன்றைக்கே விமானம் வாங்குங்கள் என்று சொல்லவில்லை. காகித வேலையை இப்போதே முடித்து வையுங்கள் என்றுதான் சொன்னேன்.

இது எப்போதோ ஒருமுறை வரும் ஆபத்து என்று யாரும் சொல்ல வேண்டாம். 1978 நவம்பர் மண்சரிவுகளை எங்கள் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். 1993இல் மரப்பாலம் மண்சரிவு. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை, மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டோர் மரணம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 911 மில்லிமீட்டர், அது எங்கள் குந்தா வட்டம். 2024 ஜூலை 30 விடியற்காலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவு. அது கேரளத்தின் கணக்கில் எழுதப்பட்டாலும் பந்தலூர்க்காரர்களுக்குப் பக்கத்து மலைதான்.

விமானம் கிடைக்கும்வரை செய்யக்கூடிய மலிவான வேலைகளும் உண்டு. கயிற்றில் கட்டிய டிரோன் ஒன்று. கம்பி வழியாகவே மின்சாரம் ஏறுவதால் பேட்டரி டிரோன்போல அரைமணியில் இறங்காது. 2017இல் மரியா புயல் போர்ட்டோ ரிகோவின் டவர்களைச் சாய்த்தபோது ஏடி அண்ட் டி நிறுவனம் சுமார் 200 அடி உயரத்தில் இப்படியொரு டிரோனை நிறுத்தி மொபைல் சேவை கொடுத்தது. மஞ்சூர் மேட்டில் அப்படி ஒன்று நின்றால் எல்லா நிழலும் போய்விடாது, பாதியாவது குறையும். இன்னொன்று எச்எஃப் செட், அதாவது வாக்கி டாக்கியைவிட நீண்ட அலையில் பேசும் செட். இரண்டு மரத்துக்கு இடையில் தாழ்வாக ஒரு கம்பி கட்டி, 3 முதல் 7 மெகாஹெர்ட்ஸில் பேசினால் அலை செங்குத்தாக மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டு அப்படியே கீழே வரும். நடுவில் எந்த மலை இருந்தாலும் பொருட்டில்லை. 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் தற்செயலாக இருந்த ஹாம் குழுவினர் தங்கள் செட்டுகளை வைத்துத்தான் செய்தி கடத்தினார்கள். இவை துணைக்கு. ஒரே நேரத்தில் இருபது பள்ளத்தாக்கை இணைக்க மேலே பறக்கும் ரிலேதான் வேண்டும்.

நான் கேட்பவை இவை. என் யோசனையைத் தள்ளிய கூட்டக் குறிப்பை மறுபரிசீலனைக்கு எடுத்து, ஹெலிகாப்டர் என்று தவறாகப் பதிவானதைத் திருத்துங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் முடிவதற்குள், மாநில அரசு வழியாக விமானப்படையிடமோ கடலோரக் காவல்படையிடமோ ஒரு டார்னியர் விமானத்தை ஒத்திகைக்குக் கேளுங்கள். சூலூர் விமானப்படைத் தளம் நமக்குப் பக்கத்துச் சமவெளியில்தான் இருக்கிறது. வானம் தெளிவாக உள்ள நாளில் ஒரு மணி நேரம், மூட்டமான நாளில் ஒரு மணி நேரம் போதும். அந்த நேரத்தில் ஒவ்வொரு ஊரிலிருந்தும் குடியிருப்பிலிருந்தும் யார் பேசியது கேட்டது, யார் பேசியது கேட்கவில்லை என்று குறித்து, நிழல் விழும் இடங்களின் வரைபடத்தை எல்லா ஊராட்சிகளுக்கும் கொடுங்கள். ரிலேவுக்கான இரட்டை அலைவரிசைக்கு இந்த மாதமே டெல்லிக்கு விண்ணப்பியுங்கள், வாங்கப் போகும் புது வாக்கி டாக்கிகளில் அந்தச் சேனலை ஏற்றித் தரும்படி டெண்டரிலேயே எழுதுங்கள். செட் வைத்திருக்கும் தன்னார்வலர்களுக்குப் பேச்சு ஒழுங்கைக் கற்றுக்கொடுக்க இந்த மாவட்டத்தில் ஓய்வுபெற்ற சிக்னல்ஸ் ஆட்கள் பலர் இருக்கிறோம், சம்பளம் வேண்டாம், கூப்பிட்டால் வருகிறோம். டவர் நிறுவனங்களிடம், எந்தெந்த டவரில் எத்தனை மணி நேரத்துக்கு பேட்டரியும் டீசலும் இருக்கின்றன என்ற பட்டியலை வாங்கி வெளியிடுங்கள்.

இவற்றில் எதைச் செய்ய முடியாது என்றாலும், ஏன் முடியாது என்பதற்கு ஒரு வரிக்கு மேல் எழுத்தில் பதில் கொடுங்கள். 30 நாளுக்குள் அந்தப் பதிலை மஞ்சூரில் உள்ள உள்ளாட்சி அலுவலகத் தகவல் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிக்னல்ஸ் ஹவில்தார்,
குந்தா வட்டம், நீலகிரி.